அடிடாஸ் கம்போங்

2025 பிப்ரவரி 10, திங்கட்கிழமை காலை. மறுநாள் தைப்பூசம். வெள்ளி ரதம் முந்தின இரவே ஜாலான் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குக் கிளம்பிவிட்டது. செந்தூலில் என் சின்ன அச்சுக் கடையிலோ இன்னும் நாற்பது டி-சட்டைக்குச் சூடு காட்டி முடியவில்லை. சட்டைக்குச் சொந்தக்காரர்களான உறுமி மேளக் குழுப் பையன்கள் ஏழெட்டுப் பேர் வாசலில் உட்கார்ந்துகொண்டு, கால்மணி நேரத்துக்கு ஒருமுறை "அண்ணே, ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதரை வாக்கில் அந்தக் கேள்வி நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால், எல்லாத் தலையும் ஒரே கைப்பேசியின் மேல் கவிழ்ந்திருக்கிறது. அமெரிக்காவில் சூப்பர் பௌல் என்கிற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் இடைவேளை. ராப் பாடகர் கெண்ட்ரிக் லமார் பாடிக்கொண்டிருந்தார். சிவப்பும் வெள்ளையும் நீலமும் உடுத்திய ஆட்டக்காரர்கள் அமெரிக்கக் கொடியாகக் கூடி, பிளந்து, மறுபடி கூடினார்கள். 2018-ல் புலிட்சர் பரிசு வாங்கிய மனிதர். அதுவரை மேலை செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் மட்டுமே போய்க்கொண்டிருந்த பரிசு அது. பையன்களுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. "அண்ணே, அவன் சிலுவாரைப் பாருங்கண்ணே!" முட்டிக்குக் கீழே மணிபோல் விரிந்த ஜீன்ஸ். செலின் கம்பெனியுடையதாம். விலை ஐயாயிரம் வெள்ளி (ரிங்கிட்) இருக்கும் என்றான் ஒருவன். "எங்க தாத்தா கல்யாணப் போட்டோவுல இதே சிலுவார்தான் போட்டிருக்காரு" என்றான் இன்னொருவன். அன்று காலை நான் கேட்ட இசை விமரிசனங்களில் அதுதான் சிறந்தது.

சிரிப்பு அடங்கியதும் அவர்களில் சின்னவன் மெதுவாக உள்ளே வந்தான். தன் சட்டையின் முதுகில் மட்டும் ஒரு எண் சேர்த்துப் போட முடியுமா என்று கேட்டான்.

"என்ன எண்?"

"ஜீரோ எட்டு."

முடியாது என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. மலேசியாவில் வளர்ந்த தமிழ்ப் பையனுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. "நான் 2008-ல் பொறந்தேண்ணே, அவ்வளவுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் வாசலில் உட்கார்ந்துகொண்டான். எனக்கு மனசு கேட்கவில்லை. ஏனென்றால் இதே எட்டுக்காக இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் நான் அழுதிருக்கிறேன்.

அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் கோபி பிரயன்ட் லேக்கர்ஸ் அணியில் எட்டாம் எண் போட்டு ஆடிய காலம். 2006-ல்தான் அவர் 24-க்கு மாறினார். எனக்குக் கூடைப்பந்தில் பெரிய ஆர்வம் ஒன்றும் கிடையாது. ராப் காணொளிகளில் வருகிறவன் ஒவ்வொருவனும் முழங்கால் வரை தொங்கும் ஜெர்சி போட்டிருந்தான். எனக்கும் ஒன்று வேண்டும். பெட்டாலிங் ஸ்திரீட்டில் மஞ்சள் நிற லேக்கர்ஸ் ஜெர்சி, சுத்தமான கோப்பி, அதாவது போலி, முப்பது வெள்ளி சொன்னார்கள். பேரம் பேசி இருபத்திரண்டுக்கு வாங்கி வந்தேன். அம்மா பையைப் பிரித்தார், எண்ணைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் தையல் பெட்டியை எடுத்தார். மறுநாள் காலையில் எட்டின் மேல் இரண்டு கோடுகள் பிரிக்கப்பட்டிருந்தன. எட்டு மூன்றாகிவிட்டது. மூன்றாம் எண்ணில் ஆலன் ஐவர்சன் என்று ஒரு மகா ஆட்டக்காரர் இருக்கிறார் என்பதும், ராப் உலகம் அவரைத்தான் கூடுதலாகக் கொண்டாடியது என்பதும் அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் அழுதிருக்க மாட்டேன். ஆனால் அவர் லேக்கர்ஸ் ஆள் இல்லை. ஊரில் தெரிந்தவர்கள் சிரித்தார்கள்.

அம்மாவின் பயம் வீண் பயம் என்று சொல்ல முடியாது. 2013-ல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது 04, 08, 36 என்று எண்ணையே பெயராக வைத்திருந்த கும்பல்களும் அதில் இருந்தன. எங்கள் பிளாட்டில் அந்தப் பட்டியலுக்கு வெகு காலத்துக்கு முன்பே எல்லாருக்கும் இது தெரியும். லாட்டரி எண், கார் எண், ஜெர்சி எண், எதிலும் சில எண்களைத் தொடக் கூடாது. தொப்பியைப் பின்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு நாலு தமிழ்ப் பையன்கள் ஒரு பேரங்காடிக்குள் நுழைந்தால் காவலாளி பின்னாலேயே வருவார். நானும் அப்படி மூன்று மாடி ஊர்வலம் போயிருக்கிறேன். அதே தொப்பி, அதே தொளதொள சிலுவார் வேறு பையன்கள் போட்டால் ஸ்டைல். எங்கள் மேல் ஏறினால் அடையாளம்.

சரி, மலேசியத் தமிழ் ராப்பர் யோகி பி-க்கு வருகிறேன். அவரைச் சொல்லாமல் இந்த ஊரில் யாரும் தமிழ் ராப்பைப் பற்றி எழுத முடியாது.

1998-ல் அவருடைய பொயட்டிக் அம்மோ குழுவின் முதல் ஆல்பம் வந்தபோது எனக்கு வயது 14. யோகி பி, பாயின்ட் பிளாங்க், லேண்ட்ஸ்லைட், சி. லோக்கோ, நால்வர். ஆங்கிலம், மலாய், தமிழ், கான்டனீஸ் என்று பல மொழிகளில் பாட்டு. பக்கத்து வீட்டு அண்ணனின் மோட்டோ கடையில் ஒலிநாடா ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த தமிழ் அதுவரை மூன்று இடங்களில்தான் இருந்தது: பள்ளியில் திருக்குறள் ஒப்புவிக்கும்போது, கோயிலில், சினிமாப் பாட்டில். மூன்றிலுமே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கையை வீசிக்கொண்டு, தோளைக் குலுக்கிக்கொண்டு, எதிரில் இருப்பவனின் கண்ணைப் பார்த்துப் பேசுகிற தமிழை நான் கேட்டது அந்த மோட்டோ கடையில்தான். மறுநாளே நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எதுகை எதுகையாக எழுத ஆரம்பித்தேன். எல்லாம் குப்பை. தமிழாசிரியர் பிடுங்கிப் படித்துவிட்டு, "மோனை இருக்கு, மூளை இல்ல" என்றார். இப்போது யோசித்தால் அவர் சொன்னதுகூட ராப் வரிதான்.

அப்புறம் 2006. யோகி பி-யும் நட்சத்ராவும், அதாவது டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரும் சேர்ந்து, 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். 1980-ல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட 'மடை திறந்து' மெட்டை எடுத்து அதன் மேல் ராப். இது வெறும் ரீமிக்ஸ்தானே என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹிப்ஹாப் பிறந்த நியூயார்க்கின் பிராங்க்ஸில் 1973-ல் டிஜே கூல் ஹெர்க் செய்ததும் இதுதானே? வீட்டில் பெரியவர்கள் வைத்திருந்த இசைத்தட்டிலிருந்து தாளம் மட்டும் ஓடுகிற துண்டைப் பிடித்துக்கொண்டு அதையே நீட்டினார். எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஜேம்ஸ் பிரவுன் தட்டு இல்லை, இளையராஜா கேசட் இருந்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமை காடி (கார்) கழுவும்போது போடுகிற பாட்டுக்குள் நாங்கள் புகுந்து உட்கார்ந்தோம். அப்பாவுக்கும் கோபம் வரவில்லை. "நடுவுல ஏன்டா இவ்ளோ வேகமா பேசறான்?" என்று மட்டும் கேட்டார்.

கோலாலம்பூரிலிருந்து போன சரக்கு சென்னையில் விற்றது என்பதில் எங்களுக்கு இன்றைக்கும் ஒரு மிதப்பு உண்டு, மறைக்கவில்லை. 'ஆடுகளம்', 'விவேகம்', 'காலா' என்று அங்கே படங்களில் யோகி பி-யின் குரல் தொடர்ந்து கேட்டது. ஹிப்ஹாப் தமிழா ஆதியும் அவரை முன்னோடியாகச் சொல்வதில் தயங்கியதில்லை. ஆதியின் 'கிளப்புல மப்புல' 2011-ல் இணையத்தில் பரவியபோது நானும் ஆடியவன்தான். இப்போது என் மகள் முன்னால் அதைப் போட மாட்டேன். பெண்கள் எப்படி இருக்க வேண்டும் என்று ராப்பில் சொன்னாலும் அது அதே பழைய தெருக்கோடி மாமா குரல்தான்.

யோகி பி மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. அவர் தமிழ் நிமிர்ந்த தமிழ், மேடைத் தமிழ். அந்த மிடுக்கு அப்போது தேவையாக இருந்தது. ஆனால் நாங்கள் வீட்டில் பேசுவது சிலுவார், பசார், தபாவ் எல்லாம் கலந்த தமிழ். சென்னைக்காரன் கேட்டால் பாதி புரியாது. அந்தத் தமிழ் ராப்பில் அதிகமாக வரவில்லை. பிறகு வந்த சைக்கோ யூனிட், ஹேவொக் பிரதர்ஸ் போன்றவர்களைக் கேட்கும்போது எங்கள் தெரு வாடை அங்கங்கே அடிக்கும், காது நிமிரும். பிறகு காணொளியில் தோல் ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி, வரிசையாக நிற்கும் கார்கள். போச்சு. தமிழ் சினிமா எங்களைப் பார்க்கும்போதெல்லாம் குண்டர்களாகத்தான் பார்க்கிறது. 2016-ல் 'கபாலி' வந்தபோதும் நாங்கள் அதற்குத்தான் விசில் அடித்தோம். ரஜினி கோட்டு போட்டதற்கு அந்தப் படம் ஒரு அரசியல் காரணம் சொன்னது. அம்பேத்கரின் கோட்டு. அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எங்கள் பையன்கள் காரணத்தை விட்டுவிட்டுக் கோட்டை மட்டும் வாடகைக்கு எடுத்தார்கள். அந்த வருடம் கல்யாண வீடுகளில் மாப்பிள்ளைத் தோழர்கள் அத்தனை பேரும் கபாலி.

ஸ்திரீட்வேர், அதாவது தெருப்பாணி உடை விஷயத்தில் என் அபிப்பிராயம் கறாரானது, கொஞ்சம் பொறாமை கலந்தது. நான் சட்டை அச்சடிக்கிறவன். சுப்ரீம் என்ற நியூயார்க் கம்பெனி 2016-ல் தன் பெயரைப் பொறித்த ஒரு செங்கல்லை முப்பது டாலருக்கு விற்றது. அதுவும் விற்றுத் தீர்ந்தது. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, துணிக்கும் இந்தத் தொழிலுக்கும் சம்பந்தமில்லை என்று. இங்கே 2010-ல் தொடங்கிய பெஸ்டல் அண்ட் மார்ட்டர் எவ்வளவோ மேல். பெயரே உலக்கையும் உரலும். வசதி இல்லாதவர்களுக்குச் சௌகிட் பக்கம் பண்டல் கடைகள் இருக்கின்றன. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கழித்துப் போட்ட துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வியர்வையும் பூச்சிமாத்திரையும் கலந்த அந்த வாசனைக்குள் கையை விட்டுத் துழாவினால் ஒருநாள் பழைய ராப்பர் டூபாக் சட்டை கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. ஐந்து வெள்ளி. தோள்பட்டையில் ஓட்டை இருந்தது. இன்று அதற்கு எவ்வளவு விலை கேட்கிறார்கள் என்று மனைவியிடம் சொல்லவில்லை, சொன்னால் விற்கச் சொல்வார்.

ஆனால் எங்கள் சொந்த ஸ்திரீட்வேர் எது என்று கேட்டால், கடை வாசலில் உட்கார்ந்திருந்தார்களே, அந்த உறுமிப் பையன்களின் சட்டையைத்தான் காட்டுவேன். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெயர், ஒரு சின்னம், வருடத்துக்கு ஒரு புது டிசைன். சிங்கம், வேல், மயில், தீ. முதுகு முழுக்க எழுத்து. இருபது பேர் ஒரே சட்டையில் உறுமியும் தவிலுமாக வந்து இறங்கினால் எந்த பிராண்டும் பக்கத்தில் நிற்க முடியாது. ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்று ஐந்து நிறம் கேட்பார்கள், இரண்டு நிறத்துக்குத்தான் காசு கொடுப்பார்கள். பிளாஸ்டிசால் மை தானாகக் காயாது. 160 டிகிரி வாக்கில் சூடு காட்டினால்தான் துணியைப் பிடிக்கும். அவசரப்பட்டால் நாலு துவைப்பில் முருகன் உரிந்து வந்துவிடுவார்.

அதைவிடப் பெரிய தலைவலி எழுத்து. டிசைன் மென்பொருளில் தமிழுக்கான அமைப்பைப் போட மறந்தால் கொம்பெல்லாம் இடம் மாறிவிடும். ஒரு வருடம் 'வேல்' என்று அறுபது சட்டை அடித்தேன். 'வ'-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் நகர்ந்து 'ல'-வோடு ஒட்டிக்கொண்டது. நெஞ்சில் கொட்டை எழுத்தில் 'வலே்'. அறுபதும் அடித்து முடித்த பிறகு, டீ கொடுக்க வந்த பக்கத்துக் கடை அக்காதான், "அது என்னா தம்பி, வலே?" என்றார். மறுபடி அறுபது சட்டை, என் காசில். பழைய அறுபதும் இன்னும் வீட்டில் கிடக்கிறது. காடி துடைக்க நல்ல துணி, 180 கிராம் பருத்தி.

தலைப்பில் ஒரு சப்பாத்தை, அதாவது ஷூவை, போட்டுவிட்டு இவ்வளவு நேரம் சுற்றுகிறேன்.

மலேசியர்களுக்கு அடிடாஸ் கம்போங் என்றால் தெரியும். அடிடாஸுக்கும் அதற்கும் ஒரு உறவும் இல்லை. முழுக்க ரப்பரில் வார்த்த கறுப்புச் சப்பாத்து, லேஸ் கிடையாது, அடியில் குமிழ் குமிழாக இருக்கும், சேற்றில் வழுக்காது. பலசரக்குக் கடையில் கயிற்றில் கோத்துத் தொங்கும், அடிடாஸ் விலையில் இருபதில் ஒரு பங்குகூட வராது. கிராமத்து ஆளின் அடிடாஸ் என்று யாரோ கிண்டலாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. பாட்டி கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியபோது போட்டதும் அதுதான். விடியுமுன்னே நெற்றியில் விளக்கு, முழுக்கைச் சட்டை, தலையில் துணி, காலில் அந்தச் சப்பாத்து. ரப்பர் பால் பட்ட சட்டை கறுத்து, தடித்து, அட்டைபோல் நிற்கும். எந்த சவர்க்காரத்துக்கும் அசையாது. பள்ளிக்கூட விடுமுறைக்குப் போனால் அந்தச் சட்டையைத் தொட விடமாட்டார். பட்டணத்திலிருந்து யாராவது வந்தால் சட்டையும் சப்பாத்தும் வீட்டுக்குப் பின்னால் போய்விடும். வெள்ளைச் சேலையோடு வந்து நிற்பார்.

1986-ல் ரன்-டிஎம்சி ராப் குழுவினர் நியூயார்க்கில் அடிடாஸைப் பற்றி ஒரு பாட்டே பாடினார்கள். லேஸ் இல்லாமல் ஷூ போடுகிறவன் ரவுடி, ஜெயிலுக்குப் போய் வந்தவன் என்று அங்கேயும் பேச்சு இருந்தது; அதற்குப் பதில்தான் அந்தப் பாட்டு. மேடிசன் ஸ்குவேர் கார்டனில் கூட்டத்தைப் பார்த்துச் சப்பாத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான கைகள், கையில் ஒற்றைச் சப்பாத்து. பார்த்துக்கொண்டிருந்த அடிடாஸ்காரர்கள் பிறகு ஒப்பந்தம் போட்டார்கள். ஹிப்ஹாப்பில் எனக்கு ஆக விருப்பமான காட்சி அது. தன்னைக் கேவலப்படுத்திய பொருளையே தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவது. டிம்பர்லேண்ட் பூட்ஸ் கட்டுமான வேலைக்காரன் போட்டது, கார்ஹார்ட் ரயில்வே தொழிலாளிக்காக 1889-ல் டெட்ராய்ட்டில் தைக்க ஆரம்பித்தது. அங்கே ராப்பர்கள் அதையெல்லாம் எடுத்து உடுத்தி உலகத்துக்கே விற்க வைத்தார்கள். லேஸ் இல்லாத சப்பாத்து எங்கள் வீட்டிலும் இருந்தது. நாங்கள் அதைப் பின்வாசலில் வைத்தோம். நான் முன்வாசலில் கோப்பி ஜெர்சியோடு நின்றேன்.

2021-ல் ராப்பர் அறிவு எழுதி, பாடகி தீயோடு பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தபோது பாட்டி இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளைப் பற்றி அறிவு பேசியதைக் கேட்டபோது, எனக்கு அந்தப் பால்கறைச் சட்டைதான் ஞாபகம் வந்தது. அந்தச் சட்டை எங்கே போனது என்று அம்மாவைக் கேட்டேன். "அதையா? அன்னிக்கே எரிச்சாச்சு. ரப்பர் பாலாச்சே, நல்லா எரியும்" என்றார்.

இப்போது மலையேறுகிற இளைஞர்கள் அடிடாஸ் கம்போங்கைத் தேடி வாங்குகிறார்கள். ஈரம் காய்கிறது, பாறையில் பிடிக்கிறது, படத்திலும் நன்றாக விழுகிறது. நானும் ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். கடையில் அதைத்தான் போடுகிறேன். மை கொட்டினாலும் துடைத்துவிடலாம். கால் வேர்க்கும், சாயங்காலம் கழற்றும்போது யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

அன்று காலை சின்னவன் வாசலில் உம்மென்று உட்கார்ந்திருக்க, நான் கடைசிச் சட்டைகளுக்குச் சூடு காட்டிக்கொண்டே யோசித்தேன். அம்மா தையலைப் பிரித்தார். நான் முடியாது என்கிறேன். என்ன வித்தியாசம்? பிறகு ஒன்று தோன்றியது. அவன் சட்டையை எடுத்து, ஒரு துண்டுப் படலத்தில் கையாலேயே வெட்டி, முதுகில் தமிழ் எண்ணில் போட்டேன்: ௦௮.

அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது என்னண்ணே, 'அ'-வா?"

"எட்டு. தமிழ்ல எட்டு அப்படித்தான் இருக்கும்."

"போலீஸுக்குத் தெரியுமா?"

"உனக்கே தெரியலையே."

யோசித்துவிட்டுப் போட்டுக்கொண்டான். பெரிய சந்தோஷம் ஒன்றும் முகத்தில் இல்லை. மற்றவர்கள் மூட்டையைத் தூக்கி வேனில் போட்டார்கள், பாக்கிக் காசு பூசத்துக்கு அப்புறம் என்றார்கள். வேன் திரும்பும்போது ஒருத்தன் உள்ளேயிருந்து கத்துவது கேட்டது: "டேய் 'அ', கதவைச் சாத்துடா!"